ஊற்றிவிட்ட கலங்கல் தண்ணீர்

வாளியின் மூடியைத் திறந்த அண்ணன், "தங்கச்சி, மேல நிக்கிற தண்ணிய ஊத்திடவா?" என்று கேட்டார். குடுவைகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்த நான் தலையை நிமிர்த்தாமலே, "ஊத்திடுங்கண்ணே" என்றேன். அவர் உடனே ஊற்றவில்லை. "இன்னும் கலங்கலா இருக்கே" என்றார். "பரவாயில்லண்ணே" என்று நான் சொன்ன பிறகுதான் வாளியைச் சாய்த்தார். இரண்டு விரற்கடை உயரத்துக்கு நின்ற தண்ணீர், பால் ஊற்றிய தேநீரின் நிறத்தில் கழிவுத் தொட்டிக்குள் இறங்கியது.

செம்பனைத் தோட்டத்து ஓடையின் அடிமண் அது. புழுக்களை விட்டு அதன் நச்சுத்தன்மையைச் சோதிப்பதற்காக, அதை உறையவிடாமல் 4 பாகைக் குளிரில் இருட்டில் வைத்திருந்தேன். சல்லடையில் அரித்தால் நுண்மண் பிரிந்துவிடும் என்று, சோதனைப் புழுக்களைத் தின்றுவிடக்கூடிய தட்டான் புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கையேடு, மேலே நிற்கும் நீரைக் கொட்டாமல் மண்ணோடு திரும்பக் கலக்கச் சொல்கிறது. அந்தப் பக்கத்தை நான் படிக்காதவள் அல்ல.

மண் கூழாக இருந்தது. 8 குடுவைகளிலும் 100 மில்லிலிட்டர் வீதம் அன்றே நிரப்பினால்தான், மறுநாள் குடுவைக்கு 10 கைரோனோமஸ் புழுக்களை, அதாவது அடிமண்ணில் வாழும் ஒருவகைச் சிறு பூச்சியின் புழுக்களை, விட முடியும். சோதனை நடக்கும் 10 நாளும் மேல்நீரை அன்றாடம் புதுப்பிக்கிறோம் என்பதால், நீரில் கரைந்திருந்தவை எப்படியும் வெளியேறியிருக்கும். இந்த வாதம் தவறென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அண்ணன் காட்டிய கலங்கல் கரைந்த பொருள் அன்று. இன்னும் படியாத களிமண். இந்தச் சிவப்புப் புழுக்கள் நுண்மண்ணால்தான் கூடு கட்டுகின்றன, அதையே விழுங்கவும் செய்கின்றன. மலேசியாவில் 2020இல் தடை செய்யப்பட்ட பாராகுவாட் என்ற களைக்கொல்லி களிமண்ணை இறுகப் பற்றிக்கொண்டு நெடுங்காலம் மண்ணில் தங்கும். அவ்வளவு இறுகப் பற்றியது புழுவுக்குக் கேடு செய்யாமலே போகலாம் என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். எனினும், அதைப் புழுவிடமே கேட்டறியத்தானே இந்தச் சோதனை.

ஒப்பீட்டு மண்ணில் பிழைத்த அளவுக்கு ஓடை மண்ணிலும் புழுக்கள் பிழைத்தன. 'நச்சுத்தன்மை காணப்படவில்லை' என்று எழுதினேன். நாட்குறிப்பில் 'மேல்நீர் நீக்கப்பட்டது' என்று குறித்திருந்தேன். அறிக்கைப் படிவத்தில் அதற்கு இடமில்லை, நானும் அதற்கு இடம் தேடவில்லை.

அண்ணன் அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா முதுகில் தோம்பு சுமந்து மருந்து அடித்தவர். முடிவைக் கேட்டு, "நல்ல சேதிதானே தங்கச்சி?" என்றார். "ஆமாண்ணே" என்றேன். குளிர்பெட்டியில் மிச்சமிருக்கும் மண்ணும் அந்த நீரை இழந்ததுதான் என்பதால், அதை மறுபடி சோதித்துப் பயனில்லை. ஓடையிலிருந்து புதிதாக மண் எடுக்க வேண்டும், அதற்கு மேலதிகாரியிடம் காரணம் சொல்ல வேண்டும். போன வாரம் அண்ணன், "அந்த வாளியக் கழுவி வச்சிடவா?" என்று கேட்டார். இம்முறை எழுந்துபோய் வாளிக்குள் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்ண்ணே" என்றேன்.