அக்கரையில் நின்ற தாய்

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவரின் கதையை அறியாதவர்கள் காவிரிக்கரையில் அரிது. பேறுகாலத்தை எதிர்நோக்கியிருந்த இரத்தினாவதிக்குத் துணையாகப் பூம்புகாரிலிருந்து புறப்பட்ட தாய், வெள்ளத்தால் ஆற்றைக் கடக்க இயலாமல் அக்கரையில் நின்றுவிட, சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பதும், வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் வந்திருந்தவர் யார் என்று விளங்கியது என்பதும் தலவரலாறு. நானும் சிறு வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால், ஓடும் வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றவள் அந்த நாட்களை எப்படிக் கழித்தாள் என்று, சென்ற ஆடி மாதம் வரை நான் ஒருமுறையும் யோசித்ததில்லை.

அப்போது வெளிநாட்டில் இருக்கும் என் மகளுக்கு எட்டாவது மாதம். எனக்கு விசா மறுக்கப்பட்டுவிட்டது. கணவர் காலமான பிறகு நான்கு ஆண்டுகளாகத் தனியே இருக்கும் வீட்டில், நள்ளிரவு இரண்டு மணிக்கு விழித்து, வாட்ஸ்அப்பில் அவள் கடைசியாக வந்து போன நேரத்தைப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டிருந்தது. அந்த நேரம் மாறாமல் இருந்தால் மயங்கிக் கிடக்கிறாளோ என்றும், மாறியிருந்தால் எனக்குச் சொல்லாமல் மருத்துவமனைக்குப் போய்விட்டாளோ என்றும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இதை யாரிடம் சொன்னாலும், “எல்லாம் நல்லபடியா நடக்கும்” என்ற ஒரே பதில்தான் வரும். அதன் பிறகு பேச்சு சமையலுக்குத் திரும்பிவிடும்.

தாயுமானவரைத் தரிசிக்க லால்குடியிலிருந்து நான் வந்த பேருந்து கொள்ளிடத்தையும் காவிரியையும் சில நிமிடங்களில் தாண்டியது. மேட்டூர்த் தண்ணீர் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. புராணத்துத் தாயைத் தடுத்து நிறுத்திய ஆற்றை ஒரு பேருந்துச் சீட்டில் கடந்துவிட்டது எனக்கு ஏனோ கூச்சமாக இருந்தது.

சுகப்பிரசவம் வேண்டுவோர் தாயுமானவருக்கு வாழைத்தார் சமர்ப்பிப்பது இங்குள்ள வழக்கம். நான் வாங்கியது சிறிய பூவன் தார்தான்; ஆயினும் அடிவாரத்து மாணிக்க விநாயகரை வணங்கிவிட்டுப் படியேறத் தொடங்கியபோதுதான், வாழைத்தார் என்பது இருவர் தூக்க வேண்டிய பொருள் என்பது புரிந்தது. இடுப்பில் வைத்தேன், தோளில் சாய்த்தேன். பாறையைக் குடைந்த அந்தப் படிவழியில் ஓரமாக இறக்கி வைத்துவிட்டு, அழுகை வந்துவிடக் கூடாதே என்று நின்றேன்.

“காம்பை அந்தப் பக்கம் பிடிங்கம்மா, நான் இந்தப் பக்கம் பிடிச்சுக்கிறேன்” என்றது ஒரு குரல். என்னைவிடச் சில வயது மூத்தவர். வெளுத்த சுங்குடிச் சேலை. என் சம்மதத்தை எதிர்பாராமல் காம்பின் முனையைப் பற்றிவிட்டார். இருவருமாகத் தாரை ஊஞ்சல் போலத் தொங்கவிட்டபடி ஏறினோம். வெட்டுவாயிலிருந்து கசிந்த பால் அவர் முந்தானையில் சொட்டியது. வாழைக்கறை போகாதே என்று நான் பதற, “இதுல ஏற்கெனவே நாலஞ்சு இருக்கு” என்று சேலையை விரித்துக் காட்டினார். பழுப்பு நிறத்தில் பழைய கறைகள். வெள்ளிக்கிழமைதோறும் உறையூரிலிருந்து வருகிறாராம், யாராவது ஒருவர் தாரோடு திணறிக்கொண்டு நிற்பார்களாம். அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பதை, மூச்சு வாங்க நின்ற ஒரு படியில், கேளாமலே சொன்னார். நானும் கேளாமலே விசாவிலிருந்து இரவு இரண்டு மணி வரை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “பொண்ணுக்கு என்ன நட்சத்திரம்?” என்று மட்டும் கேட்டார்.

சன்னிதியில் சுவாமி மேற்கு நோக்கியிருக்கிறார். கொடிமரமோ அவருக்குப் பின்புறம் நிற்கிறது. சாரமா முனிவர் சிவனுக்காக வளர்த்த நந்தவனத்துச் செவ்வந்திப் பூக்கள் களவு போய் உறையூர் அரசனிடம் சேர, முனிவருக்காகச் சினந்து சுவாமி உறையூர்ப் பக்கம் திரும்பினார் என்பது வரலாறு. “கோவத்துல திரும்பினாருன்னு சொல்றாங்க. எங்க ஊரைப் பார்த்துக்கிறதுக்குன்னுதான் நான் வச்சுக்கிட்டேன்” என்று அந்த அம்மாள் என் காதருகே சொன்னபோது, பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தேன்.

அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். மகளின் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் குரல் எழவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டு நான் நின்ற அந்தக் கணத்தில், “ரேவதி நட்சத்திரம்” என்று பக்கத்திலிருந்து சொன்னார் அவர். அர்ச்சகர் இருவரையும் ஒரு குடும்பமாகவே எண்ணியிருக்க வேண்டும். இருவர் கையிலும் திருநீறும் பழமும் வைத்தார். தீபம் உயர்ந்தபோது எனக்குத் தெரிந்த எந்தப் பதிகமும் நினைவுக்கு வரவில்லை. பூக்காரி ஒருத்தி வழியில் என் கைபேசியில் எடுத்துத் தந்த படம் மட்டுமே நினைவில் இருந்தது.

கீழே இறங்கியதும் அதை மகளுக்கு அனுப்பினேன். நான், நடுவில் தார், மறுமுனையில் அவர். உறையூர்ப் பேருந்து வந்துவிட்டதால், அவர் பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அவசரமாக ஏறிவிட்டார்.

அன்றிரவு மகளிடமிருந்து பதில் வந்திருந்தது: “அந்தப் பக்கம் புடிச்சிருக்கிறது யாரும்மா?”

பெயர் கேட்க மறந்திருந்தேன். உறையூர்க்காரர் என்று எழுதி அனுப்பினேன்.