காலித் தொட்டி என்று யார் சொன்னது?

மாடித் தோட்டம் இருக்கும் வீடுகளில் டிசம்பர், ஜனவரி வந்தால் ஒரு கொலை முயற்சி நடக்கும். ஃபுட்பால் லில்லியின் இலைகள் பழுத்து விழுந்து தொட்டியில் வெறும் மண்தான் தெரியும். "சும்மாதானே கிடக்கு" என்று யாராவது அதில் கொத்தமல்லி தூவிவிடுவார்கள். அதற்குத் தினமும் தண்ணீர் வேறு. உள்ளே உறங்கும் கிழங்கு சத்தமில்லாமல் அழுகும். மே மாதம் சிவப்புப் பந்து மலரும் என்று ஆசையாய்க் காத்திருந்தவருக்குச் சட்னிதான் மிச்சம்.

தொட்டியில் பெயிண்டால் "ஆள் இருக்கிறது" என்று எழுதி வையுங்கள். இலை பழுத்ததும் தண்ணீரைக் குறைத்து, தொட்டியை மழை படாத சன்ஷேடுக்கு அடியில் தள்ளிவிடலாம். மண் கருவாடாய்க் காய்ந்தால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அரைக் குவளை போதும். கோடையில் மொட்டு முனை எட்டிப் பார்த்த பிறகு வழக்கம்போல ஊற்றுங்கள். உயிரோடு இருக்கிறதா என்று நடுவில் தோண்டிப் பார்க்கும் ஆர்வக்கோளாறு மட்டும் வேண்டாம். வேர் அறுந்தால் கோபித்துக்கொண்டு ஒரு வருடம் பூக்காமலே இருந்துவிடும்.

எக்காளம் போலப் பெரிய பூ விடும் அமரில்லிஸ் கதை வேறு. அதை உருளைக்கிழங்கு மாதிரி ஆழப் புதைப்பவர்கள்தான் அதிகம். கிழங்கின் கழுத்தும் (இலை கிளம்பும் குறுகிய முனை) மேல் மூன்றில் ஒரு பங்கும் மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். ஒரு கிழங்குக்கு ஆறு அங்குலத் தொட்டி தாராளம். பெரிய தொட்டியில் மண் ஈரம் காயாது, அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம், கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. இந்தக் கலவை எல்லா லில்லிக்கும் சரிப்பட்டு வரும்.

"இலை மட்டும் காடாய் வளருது, பூவே இல்லை" என்பது அடுத்த புலம்பல். வெயில் போதாது, அல்லது யூரியாவை அள்ளிக் கொட்டியிருப்பார்கள், அல்லது போன வருடம் பூ முடிந்ததும் அழகுக்காக இலையை நறுக்கியிருப்பார்கள். மூன்றாவதுதான் பெரிய பாவம். அமரில்லிஸ் ஏறக்குறைய நான்கு இலைக்கு ஒரு பூந்தண்டு என்ற கணக்கில் கிழங்குக்குள்ளேயே மொட்டு கட்டும். அதற்கான சாப்பாட்டை இலைதான் சமைக்கிறது. ஆகவே வாடிய பூந்தண்டை மட்டும் வெட்டுங்கள். இலை தொங்கினால் தொங்கட்டும், சடை பின்னிவிடவும் வேண்டாம்.

மழை லில்லிக்கு ரோஷம் அதிகம். குழாய்த் தண்ணீரைத் தினமும் ஊற்றினாலும் அசையாது. ஒரு நல்ல மழை பெய்யட்டும், மூன்று, நான்கு நாளில் தொட்டி முழுக்கப் பூ. ஏமாற்ற ஒரு வழி உண்டு: இரண்டு வாரம் காயப்போட்டு, பிறகு ஒரே நாளில் தொட்டி வழிய ஊற்றுங்கள். பெரும்பாலும் பலிக்கும். கிழங்குகள் நெருக்கியடித்துக் கிடந்தாலும் பாதகமில்லை, வருடாவருடம் பிரித்து நடத் தேவையில்லை.

இவ்வளவும் செய்த பிறகு லில்லிப் புழு வரும். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் சிவப்புத் திட்டுமாய், கல்யாணத்துக்குப் போவது போல் அலங்காரத்தோடு வந்து இறங்கும். கூட்டமாய் இலையை முடித்துவிட்டு, கழுத்து வழியாகக் கிழங்குக்குள்ளும் இறங்கிவிடும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து தெளித்தால் குஞ்சுப் புழுக்கள் அடங்கும். வளர்ந்த புழு அதையும் தொட்டுக்கொண்டு சாப்பிடும் ரகம். இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவதுதான் உறுதியான வழி. பக்கத்து வீட்டுக்காரர் திருடனென்று கத்தினால் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஸ்ரீநகர் படங்களைப் பார்த்துவிட்டு ஆன்லைனில் துலிப் வாங்குபவர்களுக்கு: அந்தக் கிழங்குக்கு மூன்று மாதமாவது குளிர் வேண்டும், அதாவது ஃப்ரிட்ஜில் இடம். ஆப்பிள், வாழைப்பழம் பக்கத்தில் வைத்தால் அவை விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். எல்லாம் சரியாக நடந்தாலும் சமவெளி வெயிலில் ஒரு முறை பூப்பதே அதிகம், அடுத்த வருடத்துக்குக் கிழங்கு தேறாது.

அமரில்லிஸோ மழை லில்லியோ, எந்தக் கிழங்கையும் சமையலறைக் கூடையில் மட்டும் வைக்காதீர்கள். தோலும் உருவமும் அசல் வெங்காயம். உள்ளே லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது; சாம்பாரில் விழுந்தால் வீடு மொத்தமும் வாந்தி எடுக்கும்.