மிளகாய்க்கென்று சொல்லிச் செய்த மண் பரிசோதனை

டிசம்பர் கடைசியில் என் மூன்று செடிகளும் மஞ்சளடிக்க ஆரம்பித்தன. அடி இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடையிடையே வெளுத்துப்போயிருந்தது. அக்டோபரில் நட்டவை, அதற்குள் இடுப்பைத் தாண்டியிருக்க வேண்டும். முழங்கால் உயரத்திலேயே முறைத்துக்கொண்டு நின்றன.

செடி என்றால் கஞ்சாச் செடி. ஊரில் இருப்பவர்கள் பதற வேண்டாம். நான் இருப்பது டர்பனில், ஓவர்போர்ட் பகுதியில். வயது வந்தவர்கள் தங்கள் சொந்த இடத்தில் சொந்த உபயோகத்துக்கு வளர்ப்பது குற்றமாகாது என்று தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 செப்டம்பர் 18 அன்று தீர்ப்புச் சொன்னது. 2024 மே மாதம் அதற்கான சட்டத்தில் ஜனாதிபதியும் கையெழுத்திட்டார். விற்பது இன்றும் குற்றம்தான். வீட்டுக்கார அங்கிளிடம் அனுமதி கேட்டுத்தான் நட்டேன். ‘டர்பன் பாய்சன்’ என்று இந்த ஊர் பெயரிலேயே ஒரு ரகம் உலகம் முழுக்கத் தெரிந்திருக்க, டர்பனுக்குள்ளேயே என் செடி இப்படி நோஞ்சானாக நின்றால் மானம் போகாதா?

முதலில் இலையைப் பார்த்து வைத்தியம் செய்தேன். நரம்பிடை வெளுத்தால் மக்னீசியம் குறைவு என்று எங்கோ படித்த ஞாபகம், எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றினேன். அது போதாதென்று இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும் 2:3:2 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகளின் விகிதம் அது) கைப்பிடி கைப்பிடியாகத் தூவினேன். பத்து நாளில் இலை நுனிகள் கருகின. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

அப்புறம்தான் மண்ணின் பிஎச் (அமில-கார அளவு, 7க்குக் கீழே போகப்போக அமிலம்) பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அங்கிள் நீச்சல் குளத்துக்கு வைத்திருக்கும் சோதனைப் பெட்டியைக் கொடுத்தார். மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, சிவப்புச் சொட்டு மருந்தை விட்டதும் பளிச்சென்று மஞ்சள். அட்டையில் மஞ்சளுக்கு நேரே 6.8 என்று இருந்தது. ‘அருமையான மண்’ என்று இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். அந்த மருந்து காட்டக்கூடிய அடிமட்டமே 6.8 என்பது பிறகுதான் உறைத்தது. அதற்குக் கீழே 6 ஆனாலும் 4 ஆனாலும் அதே மஞ்சள்தான்.

இரண்டு கம்பி வைத்த, மண்ணில் குத்திப் பார்க்கும் மீட்டர் ஒன்றையும் வாங்கினேன். காய்ந்த மண்ணில் 7 காட்டியது, ஈர மண்ணில் 7 காட்டியது, அங்கிளின் ஊறுகாய் ஜாடியிலும் கிட்டத்தட்ட 7தான். அதைப் பற்றி வேறு பேச்சில்லை.

கடைசியில் பேனா மாதிரியான டிஜிட்டல் மீட்டர். பிஎச் 4, பிஎச் 7 என்ற இரண்டு கரைசல்களில் நனைத்துச் சரிபார்த்துக்கொண்டு, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, அரைமணி நேரம் அவ்வப்போது கலக்கிவிட்டுப் பார்த்தேன். 5.2. கஞ்சாவுக்கு 6க்கும் 7க்கும் நடுவில் இருக்க வேண்டும். பிஎச்சில் ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு என்பதால் இது சின்ன வித்தியாசமில்லை.

தஞ்சாவூரில் இருக்கும் அப்பாவைக் கூப்பிட்டேன். மிளகாய்ச் செடிக்கு என்றுதான் சொன்னேன். “மண்ணு கெட்டிருந்தா ஜிப்சம் போடுப்பா” என்றார். அவர் பார்த்ததெல்லாம் களர் நிலம், காரம் ஏறிய மண். அவருடைய மண்வள அட்டையில் பிஎச் 8.5க்கு மேல். அங்கே ஜிப்சம் சரியான மருந்து. ஆனால் ஜிப்சம் புளித்த மண்ணின் பிஎச்சை ஏற்றாது. இங்கே வேண்டியது சுண்ணாம்பு. எவ்வளவு என்பதை மட்டும் பேனா சொல்லாது, அதற்கு ஆய்வகம்தான்.

ஜூலையில், மழை இல்லாத குளிர்காலத்தில், மாதிரி எடுத்தேன். இதில் அப்பா சொன்னது அத்தனையும் பயன்பட்டது. மேல்குப்பையை ஒதுக்கிவிட்டு, ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சீவி எடுக்க வேண்டும். ஆறு சதுர மீட்டர் பாத்தியில் பத்து இடம். அங்கிள் தகர வாளியை நீட்டினார். துத்தநாகம் பூசிய வாளியில் போட்டால் அறிக்கையில் துத்தநாகம் பொய்யாக ஏறும் என்பதால் பிளாஸ்டிக் வாளிக்கு மாறினேன். கறிவேப்பிலை மரத்தடிப் பக்கம் போனபோது அவரே தடுத்தார். பிராய் (இந்த ஊர்க் கரி அடுப்பில் இறைச்சி சுடுவது) போட்ட சாம்பலை வருஷக்கணக்காக அங்கேதான் கொட்டுகிறாராம். சாம்பல் காரமானது, அங்கே எடுத்திருந்தால் கணக்கே மாறியிருக்கும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறைத்து, நிழலில் காயவைத்தேன்.

படிவத்தில் ‘பயிர்’ என்று ஒரு கட்டம். சட்டப்படி உண்மையை எழுதியிருக்கலாம். கை வரவில்லை. மிளகாய் என்றே எழுதினேன்.

அறிக்கை வந்ததும் வயிற்றைக் கலக்கியது. பிஎச் 4.2. என் பேனா 5.2 சொல்லியிருந்தது. பேனா பொய்யா, ஆய்வகம் பொய்யா? உற்றுப் பார்த்தால் எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘கேசிஎல்’. தென்னாப்பிரிக்காவில் பல ஆய்வகங்கள் மண்ணை வெறும் தண்ணீரில் கரைப்பதில்லை, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் கரைக்கின்றன. அந்த உப்பு, மண் துகள்களில் ஒட்டியிருக்கும் அமிலத்தையும் அலுமினியத்தையும் பெயர்த்து வெளியே தள்ளுவதால், தண்ணீரில் பார்ப்பதைவிட எண் ஏறக்குறைய ஒன்று குறைந்துதான் வரும். இரண்டுமே சரி. புத்தகத்தில் போட்டிருக்கும் 6 முதல் 7 என்பது தண்ணீர்க் கணக்கு. அதை 4.2வோடு ஒப்பிட்டிருந்தால் மூட்டைச் சுண்ணாம்பையும் கொட்டியிருப்பேன்.

பிஎச்சைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது ‘அமிலச் செறிவு 28 சதவீதம்’ என்ற வரி. மண் பிடித்துவைத்திருக்கும் சத்துகளின் இடத்தில் கால்பங்குக்கு மேல் அமிலமும் அலுமினியமும் உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம். அலுமினியம் வேரைக் கட்டையாக்கும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) லிட்டருக்கு 6 மில்லிகிராம்தான், அதிலும் சேர்ப்பதை இந்த மண்ணின் இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். டர்பன் மேடுகளில் இருப்பது பெரியா செம்மணல். பழைய கடற்கரை மணல்மேடு இரும்பு ஏறிச் சிவந்து கிடக்கிறது. பெய்கிற மழையெல்லாம் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அரித்துக்கொண்டு போய்விடும். என் 2:3:2இல் இருந்த மணிச்சத்து எங்கே போனது என்பதற்கு அந்த இரும்பும் அலுமினியமும்தான் பதில்.

பரிந்துரை ஹெக்டேருக்கு 2 டன் டோலமைட் சுண்ணாம்பு. மக்னீசியமும் அதிலேயே இருக்கிறது. சதுர மீட்டருக்கு 200 கிராம், என் பாத்திக்கு 1.2 கிலோ. நான் வாங்கி வைத்திருந்தது 25 கிலோ மூட்டை. மணல் மண்ணில் சுண்ணாம்பு அதிகமானால் இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைக்காமல் போய்விடும். அதனால் சமையலறைத் தராசில் நிறுத்துத்தான் போட்டேன்.

மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட். இங்கே இன்னொரு குழி. இந்தியாவில் மூட்டையில் மணிச்சத்தை ஆக்ஸைடு கணக்கில் (ஆக்சிஜனையும் சேர்த்து) எழுதுவார்கள், இங்கே வெறும் பாஸ்பரஸ் தனிமக் கணக்கு. அப்பா மனக்கணக்காகச் சொன்ன அளவை 0.44 ஆல் பெருக்கிய பிறகுதான் ஆய்வகம் சொன்னதோடு ஒத்துவந்தது. பாத்திக்கு 230 கிராம். தழைச்சத்துக்கு மக்கிய கோழி எரு, அவ்வளவுதான்.

ஆகஸ்டில் சுண்ணாம்பைத் தூவி 15 செ.மீ. ஆழத்துக்குக் கொத்திக் கலந்தேன். மேலே தூவிவிட்டால் அது மேலேயே கிடக்கும். அக்டோபரில் பேனா 5.9 காட்டியது. முழுதாக வேலை செய்ய இன்னும் மாதங்கள் ஆகும் என்றாலும் நட்டுவிட்டேன். ஜனவரியில் செடிகள் என் நெஞ்சுயரம், கரும்பச்சை. ஒன்றைப் புழு தின்றது, அது தனிக் கதை.

சொன்ன பொய் முழுப் பொய்யாக இருக்க வேண்டாமென்று பாத்தி ஓரத்தில் நாலு மிளகாய்ச் செடியும் வைத்திருந்தேன். அதுவும் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

“காய் நல்லாப் புடிச்சிருக்குப்பா. பின்னால ஒசரமா நிக்குதே, அது என்ன?”

செண்டுமல்லி என்று எழுதினேன். “இன்னும் பூக்கலையா?” என்று கேட்டிருக்கிறார். பதில் போடவில்லை.