புள்ளியை எடுத்தால் நனவோடையா?

பிழைதிருத்துவது என் தொழில். நனவோடை (பாத்திரத்தின் மனசில் ஓடும் நினைப்பை ஓடுகிறபடியே எழுதும் முறை) என்று யார் பேச்செடுத்தாலும் என் கண் நிறுத்தக்குறிகளைத்தான் தேடும். மூன்று பக்கத்துக்கு ஒரு புள்ளிகூட இல்லாத கதைகள் அவ்வப்போது வரும். கேட்டால், "நனவோடை சார், கை வைக்காதீங்க" என்பார்கள். சரி, வைக்கவில்லை. ஆனால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

ஜேம்ஸ் ஜாய்ஸிடமிருந்துதான். 1922இல் வந்த 'யுலிஸிஸ்' நாவலின் கடைசி அத்தியாயத்தில் மோலி புளூம் படுக்கையில் விழித்துக் கிடக்கிறாள். அவள் நினைப்பு முழுவதும் எட்டே வாக்கியங்கள், காற்புள்ளி கிடையாது. அதே நாவலில் அவள் கணவன் தெருவில் நடக்கும்போதோ, நினைப்பு துண்டுதுண்டாக, வரிக்கு இரண்டு மூன்று முற்றுப்புள்ளியோடு வருகிறது. பகலில் ஆள், கடை, வண்டி என்று ஏதாவது குறுக்கே வந்து வெட்டிக்கொண்டே இருக்கிறதே! அதை யாரும் காப்பியடிப்பதில்லை.

ஃபாக்னரின் 'தி சவுண்ட் அண்ட் த ஃப்யூரி' (1929) இன்னும் வேடிக்கை. முதல் பகுதி பென்ஜியின் மனசு: வயது 33, பேச்சு வராது, மனவளர்ச்சி இல்லை. வாக்கியங்கள் சின்னச் சின்னவை, தெளிவானவை. ஆனால் யார் என்ன கேட்டாலும் கடைசியில் முற்றுப்புள்ளிதான். என் கை பென்சிலைத் தேடியது. அப்புறம்தான் உறைத்தது, அவனுக்குக் கேள்வியும் பதிலும் வெறும் ஒலி. கோல்ஃப் மைதானத்தில் யாரோ 'கேடி' என்று பை தூக்குபவனைக் கூப்பிட்டால், வீட்டைவிட்டுப் போன அக்கா கேடிக்காக ஓலமிடுகிறான்.

எனக்குப் பிடித்தவர் வர்ஜீனியா வுல்ஃப். அரைப்புள்ளிகளை அள்ளி இறைப்பவர். ஒரு நினைப்பு முடிவதற்குள் அடுத்தது வந்து ஒட்டிக்கொள்ளும். 'டு த லைட்ஹவுஸ்' (1927) நாவலில் பாதிவரை நம்மோடு இருந்த திருமதி ராம்சேயின் சாவு, சதுர அடைப்புக்குறிக்குள் ஒரே வாக்கியம். பதிப்பாசிரியர் குறிப்பு தவறி அச்சாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். வீடு காலியாகக் கிடக்கும் பகுதி அது. அவளை நினைக்க அங்கே ஒரு மனசும் இல்லை, அதனால் சாவு வெறும் தகவலாகிவிட்டது.

1918இல் ஆங்கில எழுத்தாளர் மே சின்க்ளேர், நனவோடை என்ற பெயரை இன்னொரு ஆங்கில எழுத்தாளரான டோரதி ரிச்சர்ட்சனின் நாவல்களுக்குச் சூட்டினார். ரிச்சர்ட்சனுக்கு அது பிடிக்கவில்லை. நிறுத்தக்குறிகளைப் பற்றி 1924இல் அவரே ஒரு கட்டுரை எழுதினார்: குறி இல்லாவிட்டால் வாசகர் மெதுவாகப் படிப்பார், காது வேலை செய்யும் என்று. இது எனக்குச் சம்மதம். புள்ளியில்லாக் கதையை வாய்விட்டுப் படிக்கிறேன். எங்கே நிற்பது என்று காதுக்குத் தெரிந்தால் கை வைப்பதில்லை. தெரியாவிட்டால், புள்ளி வைத்து ஒரு பிரதி அனுப்பச் சொல்கிறேன். பாதிப்பேர் பதிலே போடுவதில்லை.