ஸ்பானிஷா, ஜெர்மனா?

என் அக்கா மகள் செவிலியர் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறாள். படிப்போடு ஓர் அயல்மொழியையும் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டாள். எந்த மொழி என்பதில்தான் வீட்டில் பேச்சு முடியாமல் நிற்கிறது. அவளுக்கு ஸ்பானிஷ் மீது ஆசை. அக்காவும் அத்தானும் ஜெர்மன்தான் சரி என்கிறார்கள். "நீங்களே சொல்லுங்க, சித்தி" என்று அவள் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஸ்பானிஷ் படிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கும் நெடுநாளாக இருப்பது அவளுக்குத் தெரியும். இரண்டு பேருக்குமாகச் சேர்த்தே யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு ஒரு விடையும் எனக்கு வேறொரு விடையும் கிடைத்தன.

இந்தப் பேச்சை எடுத்தாலே முதலில் வந்து விழுவது எண்ணிக்கைதான். ஸ்பானிஷ் 20 நாடுகளின் ஆட்சிமொழி; ஏறத்தாழ 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி; ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அலுவல் மொழிகளில் ஒன்று; அமெரிக்க ஐக்கிய நாட்டிலேயே 4 கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதைப் பேசுகிறார்கள். இவை அனைத்தும் உண்மை. ஆனால் சென்னையில் இருந்துகொண்டு ஒரு மொழியைப் படிக்கப்போகிறவருக்கு இந்தக் கணக்கு எதையும் முடிவு செய்து தருவதில்லை. 50 கோடிப் பேர் பேசும் மொழியில் நாம் யாரோடு பேசப்போகிறோம், எதைப் படிக்கப்போகிறோம் என்பதற்கு விடை இல்லையென்றால் அந்தப் பெரிய எண் நமக்குப் பயன்படாது.

எந்த மொழி என்று கேட்பதற்கு முன்னால் எந்த நிலை வரை என்று கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட வரையறையின்படி மொழித்திறன் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஏ1 முடித்தவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வார், கடையில் விலை கேட்பார், மணி சொல்வார். ஏ2இல் அன்றாடத் தேவைகளைச் சிறு சிறு வாக்கியங்களில் சொல்லிவிடலாம். பி1இல்தான் பழக்கமான ஒரு விஷயத்தைப் பற்றித் தொடர்ச்சியாகப் பேச முடிகிறது. பி2 வந்தால்தான் நாளிதழை ஓரளவு தடையின்றிப் படிக்கவும், எதிரில் இருப்பவர் தம் பேச்சின் வேகத்தைக் குறைக்காமலே அவரோடு உரையாடவும் இயலும். நம் ஊரில் அயல்மொழி வகுப்பில் சேர்கிறவர்களில் எத்தனையோ பேர் ஏ1 சான்றிதழோடு நின்றுவிடுவதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். அது சோம்பலால் நடப்பதில்லை. அடுத்த நிலைக்குப் போவதற்கான காரணம் அவர்களிடம் இருப்பதில்லை, அவ்வளவுதான். ஓராண்டு தொடாமல் விட்டால் ஏ1இல் படித்ததில் பெரும்பகுதி மறந்துபோகிறது. பி2 வரை போன மொழியோ சில மாதங்கள் விட்டுப் பிடித்தாலும் திரும்பி வருகிறது.

மேல்நிலை வகுப்பில் மதிப்பெண்ணுக்காகத் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுக்கும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகள் படித்து, பொதுத்தேர்வில் நூற்றுக்கு நெருக்கமாக மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள், பிரெஞ்சுக்காரர் ஒருவர் வழி கேட்டால் நான்கு வாக்கியம் பேசத் திணறுவதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். தாய்மொழியின் இலக்கியத்தை முறையாகப் படிக்கக் கிடைக்கும் கடைசி வாய்ப்பையும் இழந்து, புதிய மொழியும் கைக்கு வராமல் போவது பெரிய இழப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களின் பிள்ளைகளையோ, பாரிஸில் உறவினர் இருக்கும் ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளைகளையோ நான் இதில் சேர்க்கவில்லை. அவர்களுக்குப் பிரெஞ்சு நாளையே தேவைப்படும் மொழி.

அக்கா மகளுக்கு வருகிறேன். அவள் வெளிநாட்டில் செவிலியராக வேலை செய்ய விரும்புகிறாள். ஜெர்மனியில் செவிலியர் பற்றாக்குறை பல ஆண்டுகளாக நீடிக்கிறது. வெளிநாடுவாழ் கேரளர்களுக்கான கேரள அரசின் அமைப்பான நோர்க்கா ரூட்ஸ், ஜெர்மானிய அரசு முகமைகளோடு 2021இல் ஒப்பந்தம் செய்துகொண்டு செவிலியரை அனுப்பிவருகிறது. அங்கே முழுத் தகுதி பெற்ற செவிலியராக அங்கீகாரம் பெறப் பொதுவாகப் பி2 கேட்கிறார்கள். ஆகவே அவளுக்கு ஜெர்மன் என்றால் எதுவரை படிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நடுவில் நிற்க முடியாது, நின்றால் பயணமே இல்லை. ஸ்பெயினை எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அந்த நாட்டுச் செவிலியர்களே வேலை தேடி இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் போனார்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் ஸ்பானிஷ் தெரிந்த செவிலியருக்கு மதிப்பு உண்டு என்பது மெய்தான். ஆனால் அங்கே உரிமம் தரும் தேர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது, ஸ்பானிஷ் அதற்குமேல் ஒரு கூடுதல் தகுதி மட்டுமே. இதையெல்லாம் அவளிடம் பொறுமையாகச் சொன்னேன். இப்போதைக்கு ஜெர்மன், வேலையில் அமர்ந்த பிறகு ஸ்பானிஷ் என்பதே அவளுக்கு நான் சொன்ன முடிவு.

அவள் கேட்ட இன்னொரு கேள்வி, எது எளிது என்பது. இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் ஒரு பட்டியல் இருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம், தன் அதிகாரிகள் ஒரு மொழியில் தொழில்முறைத் தேர்ச்சி பெற எத்தனை வகுப்பு மணி நேரம் தேவை என்று கணக்கிட்டு வைத்திருக்கிறது. ஸ்பானிஷுக்கு 600 முதல் 750 மணி, ஜெர்மனுக்குச் சுமார் 900, ஜப்பானிய மொழிக்கு 2200. அதே பட்டியலில் தமிழுக்கு 1100 மணி நேரம் என்று இருக்கிறது. இந்த ஒரு வரியைப் பார்த்தாலே அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான கணக்கு என்பது விளங்கும். தமிழில் சிந்திக்கிறவருக்கு எளிதான இடங்களும் கடினமான இடங்களும் வேறு.

ஸ்பானிஷில் 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய், 'ஆப்லாமோஸ்' என்றால் பேசுகிறோம். யார் பேசுகிறார் என்பதை வினையின் விகுதியே காட்டிவிடுவதால் நான், நீ, நாம் என்று தனியே சொல்லத் தேவையில்லை. ஆங்கிலேயர் முயன்று பழகும் இந்த வழக்கம் நமக்குப் பிறந்ததிலிருந்து இருக்கிறது. காப்பி பிடிக்கும் என்பதற்கு 'மே குஸ்தா எல் கஃபே' என்கிறார்கள். பிடிக்கிறவர் எழுவாயாக நிற்காமல், நம் 'எனக்கு' போலவே நான்காம் வேற்றுமை நிலையில் நிற்கிறார். அடித்து ஒலிக்கும் வல்லின றகரத்தை இன்றும் நாவில் வைத்திருக்கும் குமரி மாவட்டத்தாருக்கு ஸ்பானிஷின் இரண்டு வகை ரகரமும் சிரமம் தராது. மறுபக்கத்தில், 'அவர் ஆசிரியர்' என்று வினையே இல்லாமல் முடித்துப் பழகிய நாம், ஸ்பானிஷில் அதற்கு வினை வேண்டும் என்பதையும், அந்த வினையே இரண்டு உண்டு என்பதையும், எது எங்கே வரும் என்பதையும் பாடுபட்டுத்தான் கற்க வேண்டியிருக்கும்.

ஜெர்மனில் கடினம் பால்பாகுபாட்டில் இருக்கிறது. கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி அஃறிணைப் பால். பொருளைப் பார்த்துத் திணையும் பாலும் முடிவு செய்கிற இலக்கணத்தில் வளர்ந்தவருக்கு இதில் பிடித்துக்கொள்ள ஏதுமில்லை. ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும், ஆங்கிலத்தின் 'தி' போல அதன் முன்னால் வந்து பாலைக் காட்டும் சுட்டிடைச்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்தாக வேண்டும். ஆனால் துணை வாக்கியங்களில் வினை கடைசிக்குப் போவது நமக்கு உறுத்தாது. ஜப்பானிய மொழியில் வாக்கியம் முழுவதுமே நம் வரிசையில்தான் ஓடுகிறது. 'சாப்பிட்டுப் பார்', 'செய்து வை' போன்ற கூட்டுவினைகள் அப்படியே அங்கும் உண்டு என்பதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. தடை எழுத்தில் இருக்கிறது. தலா 46 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிசைகளுக்கு மேல், பொதுப் பயன்பாட்டுக்கென்று அந்நாட்டு அரசு வகுத்திருக்கும் 2136 'கான்ஜி' எழுத்துகள், அதாவது சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்துகள்! முழுநேர வேலையோடு இதை எடுத்துக்கொள்ள என்னால் இயலாது என்பதால் அதை விட்டுவிட்டேன்.

எனக்கு ஸ்பானிஷ்தான். எந்த வேலைக்காகவும் அல்ல. 1980களிலிருந்து நம் சிறுபத்திரிகைகள் லத்தீன் அமெரிக்கக் கதைகளையும் கவிதைகளையும் இடைவிடாமல் தமிழுக்குக் கொண்டுவந்தன. என் வாசிப்பின் பெரும்பகுதி அவற்றால் உருவானது. அந்த மொழிபெயர்ப்புகளில் பலவும் ஆங்கிலம் வழியாக வந்தவை. அந்த மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு நன்றி மட்டுமே உண்டு. இருந்தாலும் ஒரு கவிதை அதன் சொந்த ஓசையில் எப்படி ஒலிக்கிறது என்பதைக் கேட்க வேண்டும் என்ற விருப்பம் வயது ஏற ஏறக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. தேர்வு எதுவும் இல்லையென்றாலும் என்னைப் பி2 வரை இழுத்துச் செல்ல இந்த விருப்பம் போதும் என்று நம்புகிறேன்.

வசதிகளைப் பொறுத்தவரை ஸ்பானிஷ் நம் ஊரில் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறது. ஜெர்மனுக்குச் சென்னையிலேயே கோத்தே நிலையம், பிரெஞ்சுக்கு நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ் என்று அந்தந்த நாடுகளின் பண்பாட்டு அமைப்புகள் இருக்கின்றன. ஸ்பெயினின் செர்வாந்தேஸ் நிலையம் புதுதில்லியில் இருக்கிறது. இணையவழி வகுப்புகள் வந்துவிட்டதால் தொலைவு இப்போது பெரிய தடையில்லை. நான் விசாரித்த தனியார் நிலையங்களில் ஏ1 வகுப்பு எப்போதும் நிறைந்திருந்தது. பி1க்கு ஆள் சேரவில்லை என்று வகுப்பையே கைவிட்டதாக இரண்டு இடங்களில் சொன்னார்கள். எனவே இந்தப் பருவத்தில் எந்த மொழிக்குப் பணம் கட்டப் போகிறவராக இருந்தாலும், கட்டணத்தையும் சான்றிதழையும் பற்றிக் கேட்பதற்கு முன்னால், அந்த நிலையம் கடந்த ஆண்டு நடத்தி முடித்த மிக உயர்ந்த நிலை எது, அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள்.