கதவு வரைக்கும் போய்த் திரும்பி வருகிறவர்கள்

வெளிநோயாளிகள் பிரிவில் உட்கார ஆரம்பித்த புதிதிலேயே ஒன்று புரிந்துவிட்டது. சளி, முதுகுவலி என்று எதையோ சொல்லி, மருந்துச் சீட்டும் வாங்கிக்கொண்டு கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்து, "டாக்டர், இன்னொரு சின்ன விஷயம்" என்று குரலை இறக்கினால், அவர் வந்ததே அந்தச் சின்ன விஷயத்துக்காகத்தான். பெரும்பாலும் தொடை இடுக்கிலோ பிறப்புறுப்புக்குப் பக்கத்திலோ ஒரு கட்டி, இல்லை பொரிப்பொரியாக ஏதாவது.

கூச்சம் அவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், எனக்கும் இருந்தது. ஒரு பெண் அடிக்கடி அங்கே கட்டி வருகிறது என்றார். நான் பார்க்காமலே ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தேன். அடங்கியது, மறுபடி வந்தது, மறுபடி எழுதினேன். மூன்றாவது முறைதான் நர்ஸைக் கூட வைத்துக்கொண்டு ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டு தொடை இடுக்கிலும் பழைய தழும்புகள், நடுவே இரட்டை இரட்டையாகக் கரும்புள்ளிகள். அக்குளில் வருமா என்று கேட்டதும் அழுதுவிட்டார், பல வருடமாக வருகிறதாம். ஹைட்ராடெனிடிஸ் சப்புரடிவா. அழுக்கால் வருவதும் இல்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை, முடிக்கால்கள் அடைத்து வீங்கி உள்ளேயே உடைந்து வருகிற நீண்டகால நோய். முதல் நாளே இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் போதும். சரியான தோல் மருத்துவரிடம் அனுப்ப எனக்கு மூன்று சந்திப்பு ஆகியிருக்கிறது.

அதற்கப்புறம் பார்க்காமல் எழுதுவதில்லை. பார்ப்பதற்கு முன் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக எப்போது ஷேவ் பண்ணினீர்கள்?" பாதிக் கதை அதிலேயே வந்துவிடும். ஒட்ட மழித்த சுருட்டை முடி திரும்ப வளரும்போது வெளியே வராமல் தோலுக்குள்ளேயே வளைந்து குத்திக்கொள்ளும், அந்த இடம் சிவந்து புடைக்கும். முடிக்காலுக்குள் கிருமி போனால் நுனியில் சீழ் வைத்த சின்னச் சின்னப் பருக்களாக வரும். இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றுதான், ரேசரைக் கீழே வைப்பது. அப்புறம் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை ஒற்றி எடுப்பது, தளர்வான பருத்தி உள்ளாடை, வியர்வையோடு அப்படியே உட்கார்ந்திருக்காமல் இருப்பது. பிதுக்கக் கூடாது. பிதுக்காதீர்கள் என்று சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், விரல் நகத்தைப் பார்த்தாலே தெரியும் ஏற்கெனவே பிதுக்கியாகிவிட்டது என்று. முடியை எடுத்தே ஆக வேண்டும் என்றால் ட்ரிம்மர் நல்லது. ரேசர்தான் வேண்டும் என்பவர்கள் முடி வளரும் திசையிலேயே இழுக்கட்டும்.

அரிப்பு என்று வருபவர்கள் வேறு ரகம். ஓரம் மட்டும் சிவந்து தடித்து வட்டமாகப் பரவினால் படர்தாமரை. ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தானே வாங்கிப் போட்டுவிட்டு வருவார்கள். அரிப்பு அடங்கும், பூஞ்சை பாட்டுக்கு அடியில் பரவிக்கொண்டே இருக்கும், போதாததற்குத் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். ராத்திரியில் அதிகமாகித் தூங்க விடாமல் அரித்து, வீட்டில் இன்னொருவரும் சொறிந்துகொண்டிருந்தால் அநேகமாக ஸ்கேபிஸ், கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியால் வரும் சொறி, அப்போது குடும்பத்துக்கே வைத்தியம்.

ஒன்றுமே இல்லாததைக் கண்டுபிடித்துப் பயந்து வருபவர்கள்தான் அதிகம் பாவம். ஆணுறுப்பின் நுனி விளிம்பில் வரிசையாக முத்துமுத்தாக இருப்பதும், வெளிர் மஞ்சளாகத் தெரியும் எண்ணெய்ச் சுரப்பிகளும் இயல்பானவை, எதுவும் போட வேண்டாம். ஒருவர் மரு என்று நினைத்துக் காலுக்குப் போடும் ஆசிட் மருந்தை அங்கே வைத்துப் புண்ணாக்கிக்கொண்டு வந்தார். உண்மையிலேயே மருவாக இருந்தாலும் அந்த மருந்து அங்கே கூடாது. நடுவில் குழி விழுந்த சின்ன மினுமினுப்பான பொரி மொலஸ்கமாக இருக்கலாம், அது வைரஸ், தொற்றும், மாதக்கணக்கில் ஆனாலும் பெரும்பாலும் தானாகவே போகும். கொத்தாக வலிக்கும் கொப்புளமோ, வலியே இல்லாத புண்ணோ என்றால் பாலுறவால் பரவும் நோயாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை உட்பட முழுதாகப் பார்க்க வேண்டும், வலிக்கவில்லையே என்று விடுவதுதான் அதில் ஆபத்து.

தோலே இல்லாத விஷயமும் உண்டு. காலில் புண் இருந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும், அது தெரிந்ததுதான். இருமச் சொன்னால் புடைத்து, படுத்தால் உள்ளே போனால் குடலிறக்கம். காய்ச்சலோடு சிவப்பு மளமளவென்று பரவினாலோ, தோல் கறுத்தாலோ, கண்ணுக்குத் தெரிவதைவிட வலி அதிகமாக இருந்தாலோ, அதிலும் சர்க்கரை நோய் இருந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இப்போதெல்லாம் சீட்டு எழுதுவதற்கு முன்பே, "அக்குள், தொடை இடுக்கு, அங்கெல்லாம் ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?" என்று கேட்டுவிடுகிறேன், தலைவலி இருக்கிறதா என்று கேட்கிற அதே குரலில். சிலர் முறைக்கிறார்கள். சரி, இரண்டாவது சீட்டு எழுதுகிற வேலையாவது மிச்சமாகிறது.