ஆறு மாத அவகாசத்தில் நடந்தது

என் பெற்றோர் பரஸ்பர சம்மதத்துடன் விவாகரத்துக் கோரி மதுரைக் குடும்ப நீதிமன்றத்தில் மனு கொடுத்தபோது நான் கல்லூரி இறுதியாண்டில் இருந்தேன். அதற்கு ஓராண்டுக்கும் முன்பிருந்தே அம்மா, அம்மாச்சி வீட்டில்தான் இருந்தார். பிள்ளைக்காகவாவது சேர்ந்து இருங்கள் என்று சொல்லாத உறவினர் இல்லை. அந்தப் பேச்சு இருவரின் மனத்தையும் மேலும் இறுக வைத்ததே தவிர, என்ன நடந்தது என்று அம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லை.

இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி, மனு கொடுத்து ஆறு மாதங்கள் கழிந்த பிறகே இருவரும் மறுபடியும் நீதிபதி முன் வந்து சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், அதற்கும் ஒரு மனுப் போட்டுவிடலாம் என்றார் வழக்கறிஞர். சமரச முயற்சிகள் பலனளிக்காமல் போயிருக்க வேண்டும் என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. நம் வீட்டில் அப்படி ஒரு முயற்சி நடக்கவே இல்லையே என்று அப்பாவிடம் கேட்டேன். சேர்ந்து வாழுங்கள் என்று நான் சொல்லவில்லை, அவகாசத்தை மட்டும் குறைக்க வேண்டாம் என்றேன். அவர் சம்மதித்தார்.

குடும்ப நீதிமன்றங்களுக்கான 1984ஆம் ஆண்டுச் சட்டம், முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பதை நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. ஆலோசகராக இருந்த அம்மையார் இருவரிடமும் தனித்தனியாகப் பேசினார், பிறகு என்னிடமும் பேசினார். இனி நீ தூது போகாதே என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன முதல் சொல். மின்கட்டணம் முதல் மருந்துச் சீட்டு வரை எல்லாமே என் வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தன. அதன்பின் அப்பா "அம்மாகிட்ட சொல்லிடு" என்று தொடங்கும்போதெல்லாம், எதுவும் பேசாமல் அம்மாவின் எண்ணை அழைத்துக் கைப்பேசியை அவரிடமே கொடுத்துவிடுவேன். அப்படிச் செய்வது எவ்வளவு கடினம் என்பது பெற்றோருக்கு நடுவில் நின்ற பிள்ளைகளுக்குத் தெரியும்.

மூவரையும் சேர்த்து உட்காரவைத்த நாளில், அம்மா கைப்பையிலிருந்து மடித்து மடித்துக் கோடு விழுந்த ஏல நோட்டீஸ் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். சித்தப்பாவின் தொழிலுக்காக அப்பா அடகு வைத்து, மீட்க முடியாமல் போன நகைகளுக்கானது.

"நகை போனா போகட்டும். இந்தக் காகிதம் வந்தப்பறம்தானே எனக்கே தெரியும்."

"சொன்னா நீ வருத்தப்படுவேன்னுதான்..." என்று ஆரம்பித்த அப்பாவை ஆலோசகர் நிறுத்தி, அவர் சொன்னதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார். அப்பா நெடுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார். அத்தனை மாதங்களில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை.

அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. தனக்குத் தெரியாமல் எந்தக் கடனுக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடக் கூடாது, கூட்டுக் குடும்பத்துக்குத் திரும்ப முடியாது என்று அம்மா உறுதியாகச் சொன்னார். இரண்டாவதற்கு இசைய அப்பாவுக்குக் காலம் பிடித்தது. தீர்ப்பு வருவதற்குள் ஒருவர் மட்டும் சம்மதத்தைத் திரும்பப் பெற்றாலே இத்தகைய மனு நிற்காது. எங்கள் வழக்கில் இருவருமே திரும்பப் பெற, மனு தள்ளுபடியானது.

இப்போது அவர்கள் தனியாக ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். சித்தப்பா வீட்டோடு அம்மாவுக்கு இன்றும் பேச்சுவார்த்தை இல்லை. அதில் நான் தலையிடவில்லை.